பேச்சைப் பாக்கெட்டாக்கி அனுப்புவது எப்படி?

கம்ப்யூட்டரில் ஒரு மைக்கும் வெப்கேமராவும் இணைத்துவிட்டால் போதும். சேத்தியாத்தோப்பில் இருந்தபடியே சென்னையில் உள்ள மகனுடன் முகம் பார்த்துப் பேசலாம். ஆனால், இ-மெயில் ஒழுங்காகப் போகும் அதே இணைப்பில் பேச்சு மட்டும் ஏன் விட்டுவிட்டுக் கேட்கிறது? சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்பதால் என்னிடம் பலர் கேட்கும் கேள்வி இது.

இன்டர்நெட்டில் எந்தத் தகவலும் பாக்கெட் எனப்படும் சிறு துண்டுகளாகவே செல்கிறது. இ-மெயிலில் ஒரு பாக்கெட் தொலைந்தால், டி.சி.பி. என்ற விதிமுறை அதை மீண்டும் அனுப்ப வைக்கும். சற்றுத் தாமதமானாலும் கடிதம் முழுதாக வந்து சேரும். பேச்சுக்கு இது உதவாது. 'வணக்கம்' என்பதன் நடு எழுத்து இரண்டு நொடி கழித்து வந்தால் என்ன பயன்? எனவே பேச்சும் வீடியோவும் பெரும்பாலும் யு.டி.பி. வழியாக, ஆர்.டி.பி. என்ற விதிமுறைப்படி அனுப்பப்படுகின்றன. இது 1996-ல் வெளியாகி 2003-ல் திருத்தப்பட்டது.

ஆர்.டி.பி. பாக்கெட்டின் முன்னால் குறைந்தது 12 பைட் அளவுள்ள ஹெடர் இருக்கும். அதில் முக்கியமானவை நான்கு:

1. வரிசை எண்: எந்தப் பாக்கெட் தொலைந்தது, எது முந்தி வந்தது என்று காட்டும்.
2. நேரக் குறிப்பு: ஒலியை எப்போது ஒலிக்க வேண்டும் என்று சொல்லும்.
3. வகை எண்: உள்ளே இருப்பது எந்த முறையில் பதிவான ஒலி என்று சொல்லும்.
4. அனுப்புபவரின் அடையாள எண்.

இவற்றைப் புரோகிராமர் ஒவ்வொரு பைட்டாக எழுத வேண்டியதில்லை. அதற்கு ஆயத்தக் கட்டளைகளின் தொகுப்பான ஏ.பி.ஐ. உள்ளது. 'ஜே.ஆர்.டி.பி.லிப்' என்ற இலவச சி++ லைப்ரரியில் 'கிரியேட்' இணைப்பைத் தொடங்கும்; 'ஆட் டெஸ்டினேஷன்' போக வேண்டிய முகவரியைச் சேர்க்கும்; 'சென்ட் பாக்கெட்' அனுப்பும்.

தொலைபேசித் தரப் பேச்சுக்கு நொடிக்கு 8,000 பைட். 20 மில்லி நொடிக்கு ஒரு பாக்கெட் என்றால், ஒவ்வொன்றிலும் 160 பைட் ஒலி, நொடிக்கு 50 பாக்கெட். எல்லா ஹெடர்களும் சேர்ந்து 40 பைட் கூடும். ஆக, நொடிக்கு 80 கிலோபிட் வேகம் இருந்தால் பேச்சு போய்விடும். ஐம்பதையும் ஒரே மூச்சில் தள்ளிவிடாமல் சீரான இடைவெளியில் அனுப்புவதுதான் புரோகிராமின் முக்கிய வேலை.

இது அரட்டைக்கு மட்டும் உதவும் விஷயமல்ல. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் இன்டெல் நிறுவனமும் தேனி அரவிந்த் கண் மருத்துவமனைக்காகத் தொலைதூர வை-ஃபை இணைப்புகளை அமைத்தன. 2006-ல் ஐந்து கிராமப்புறக் கண் மையங்களுக்கு வந்த நோயாளிகளை, தேனியில் இருந்த மருத்துவர்கள் வீடியோ மூலம் பார்த்துப் பேசினர். அங்கே படம் உறைந்து நின்றால், நோயாளி பஸ் ஏறித் தேனிக்கே போக வேண்டியிருக்கும்.

சாதாரண வை-ஃபையில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 'கிடைத்தது' என்ற பதில் உடனே வர வேண்டும். பல கிலோமீட்டர் தூரத்தில் அது காலதாமதமாகும்; பாக்கெட் தொலைந்ததாகவே கருதப்படும். இந்தக் குழு 2007-ல் வெளியிட்ட 'வைல்ட்நெட்' முறையில் பதில்கள் மொத்தமாக வந்தன. அனுப்பும் நேரம் இரு முனைகளுக்கும் பிரித்துத் தரப்பட்டது. கூடவே உபரிப் பாக்கெட்டுகளும் சென்றதால், தொலைந்ததை மறுபடி கேட்காமலே மீட்க முடிந்தது.

இன்று ப்ரவுசர்களிலேயே உள்ள 'வெப் ஆர்.டி.சி.' வசதியும் ஆர்.டி.பி. பாக்கெட்டுகளையே, ரகசியக் குறியீடாக மாற்றி அனுப்புகிறது.

உங்கள் வீட்டில் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டால், முதலில் டவுன்லோடுகளை நிறுத்துங்கள். முடிந்தால் வை-ஃபைக்குப் பதில் கேபிளை இணையுங்கள். அப்படியும் சரியாகவில்லையா? வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசுங்கள். குரலுக்குத் தேவை மிகச் சிறிய வழிதான். ஆனால் அந்த வழி இடைவிடாமல் திறந்திருக்க வேண்டும்.