கறுப்பும் வெள்ளிதான்

பீரோவில் சும்மா கிடக்கும் கொலுசும் கறுக்கிறது; காலில் கிடந்தால் கேட்கவே வேண்டாம். ‘உடம்புச் சூடு’ என்பார்கள் பெரியவர்கள். உண்மையான காரணம் கந்தகம். காற்றில் துளியளவே கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, வெள்ளியின் மேற்பரப்போடு வினைபுரிந்து வெள்ளி சல்பைடாகிறது. படலம் மெல்லியதாக இருக்கையில் மஞ்சளாகத் தெரியும். தடிக்கத் தடிக்கப் பழுப்பாகிக் கறுக்கும். ஈரக்காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். ‘925’ முத்திரை உள்ள நகையில், உறுதிக்காகச் சேர்த்த செம்பு முதலிய உலோகங்கள் 7.5 சதவீதம். அந்தச் செம்பும் தன் பங்குக்கு நிறம் மாறும்.

ஆக, அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. அதன் எடையில் 87 சதவீதம் வெள்ளியேதான், மீதி கந்தகம். பற்பசையைப் பூசிப் பிரஷ்ஷால் தேய்த்தால் பளபளப்பு வருகிறது, சரி. ஆனால் கறுப்போடு அந்த வெள்ளியும் கழுவுநீரில் போய்விடுகிறது. வெள்ளி மென்மையான உலோகம் என்பதால் பற்பசையில் உள்ள தேய்ப்புத்தூள் கீறலும் போடும். ஒருமுறை தேய்ப்பதில் இழப்பு மிகச் சொற்பம். ஆண்டுக்கணக்கில் தேய்த்தால் குங்குமச்சிமிழின் பூவேலை மழுங்கிவிடும். பித்தளைக் குடத்துக்குக் கைகொடுக்கும் புளியும் இங்கே உதவாது. புளியின் அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைக்கும்; வெள்ளி சல்பைடு அதற்கெல்லாம் மசியாது.

தேய்த்து எடுப்பதைவிட, கந்தகத்தை மட்டும் பிரித்துவிட்டு வெள்ளியை நகையிலேயே நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்குச் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாள் போதும்.

முதலில் நகையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள். ஒரு பீங்கான் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, நகை அதைத் தொடும்படி வையுங்கள். ஒரு லிட்டர் சுடுநீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் அதே அளவு உப்பும் கரைத்து, நகை மூழ்கும்வரை ஊற்றுங்கள். சில நிமிடங்களில் கறுப்பு விலகத் தொடங்கும். லேசாக அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்பட வேண்டாம். வெள்ளியை விட்டுக் கந்தகம் வெளியேறுகிறது. ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள்.

கிண்ணத்துக்குள் நடப்பது ஒரு குட்டி மின்கலத்தின் வேலை. வெள்ளியைவிட அலுமினியம் எளிதில் எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும். தொட்டுக்கொண்டிருக்கும் இடம் வழியாக அவை நகைக்குப் போய், சல்பைடில் சிக்கிய வெள்ளியை மீண்டும் உலோகமாக்குகின்றன. அலுமினியத்தின் மேல் எப்போதும் இருக்கும் ஆக்சைடுத் தோலைச் சோடா கரைக்கிறது. உப்பு நீர் மின்னோட்டத்துக்கு வழி விடுகிறது. நகை தாளைத் தொடாவிட்டால் கறுப்பு அப்படியே இருக்கும். தாள் மங்கிப்போவது, அலுமினியம் கரைந்ததற்கு அடையாளம்.

பிறகு நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் அதே துணியால் மெருகேற்றலாம்.

எல்லா நகைக்கும் இந்த முறை ஆகாது. முத்து, பவழம் பதித்தவை, அரக்கு நிரப்பியவை, பசையால் கல் ஒட்டியவை, எனாமல் பூசியவை ஆகியவற்றைச் சுடுநீரில் போடக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். ‘ஆக்சிடைஸ்டு’ என்று விற்கும் நகைகளில் கறுப்பு வேண்டுமென்றே ஏற்றப்பட்டது. இந்தத் தண்ணீரில் அந்த அழகே போய்விடும்.

கறுக்காமல் தள்ளிப்போடுவது இன்னும் சுலபம். கம்பளித் துணியில் சுற்றவோ ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவோ வேண்டாம். இரண்டிலும் கந்தகம் உண்டு. நன்கு உலர்ந்த நகையைக் காற்றுப் புகாத ஜிப் பையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மருந்துப் பாட்டிலில் வரும் பொட்டலமே போதும்.