'குரல்' – ஒரு சொல்லின் கதை

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த ஆசிரியர் குழுவினர், "எலக்ட்ரானிக்ஸ் பத்தி ஏதாவது எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். ஆறு செமஸ்டரும் அதைத்தானே படிக்கிறோம், மலரிலுமா? ரேடியோவைக் கழற்றிப் பார்ப்பது போல ஒரு தமிழ்ச் சொல்லைக் கழற்றிப் பார்க்கலாமே என்று தோன்றியது. நம் மன்றக் கூட்டங்களில் ஒரு மணி நேரத்துக்கு இருபது தடவையாவது காதில் விழும் சொல்லையே எடுத்துக்கொண்டேன்: 'குரல்'.

குரல் என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும், "வாயிலேர்ந்து வர்ற சத்தம்" என்பார்கள். சரிதான். ஆனால் சொல்லின் அடி வேறு இடத்தில் இருக்கிறது. கன்னடத்தில் 'கொரளு' என்றால் கழுத்து. மலையாளத்தில் 'குரல்' என்றால் தொண்டை, மூச்சுக்குழல். தமிழிலும் இந்தச் சொல்லுக்குத் தொண்டை என்ற பொருள் உண்டு என்று சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் சொல்கிறது. ஒரே குடும்பத்து மொழிகள் மூன்றும் கழுத்தையே சுற்றி வருவதால், முதலில் உறுப்புக்குப் பெயர் வந்தது, பிறகுதான் அதிலிருந்து வரும் ஓசைக்கு வந்தது என்று கொள்வதே பொருத்தம். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. "அவனுக்கு வாய் ஜாஸ்தி" என்கிறோமே, அங்கே வாய் என்பது உறுப்பா, பேச்சா? அதே கணக்குத்தான்.

பழைய பொருள் இன்னும் முழுதாகச் சாகவில்லை என்பதற்குக் 'குரல்வளை' சாட்சி. 1975-ல் நெருக்கடி நிலை வந்து பத்திரிகைகளுக்குத் தணிக்கை போட்டார்களே, அதைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் "பத்திரிகைகளின் குரல்வளையை நெரித்தார்கள்" என்றுதான் எழுதுகிறார்கள். பேச்சைத் தடுத்தார்கள் என்பதைச் சொல்லக் கழுத்தைத்தான் காட்டவேண்டியிருக்கிறது.

தொண்டையிலிருந்து ஓசை எப்படி வருகிறது? தொல்காப்பியத்தில் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல் இருக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன பகுதி. உந்தியிலிருந்து கிளம்பும் காற்று எங்கெங்கே பட்டு எழுத்தாகிறது என்று அது வரிசையாகச் சொல்கிறது. பன்னிரண்டு உயிரெழுத்தும் மிடற்றில், அதாவது தொண்டையில், பிறக்கும் காற்றால் ஒலிப்பவை என்பது அதன் கணக்கு. இன்றைய அறிவியலும் இதிலிருந்து அதிகம் விலகவில்லை. நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு மடிப்புகளை அதிர வைக்கிறது. ஆண்களுக்குச் சுமாராக நொடிக்கு 100 முதல் 150 தடவை, பெண்களுக்கு 200-ஐ ஒட்டி. தொண்டை கொடுப்பது ஒரு ரீங்காரம் மட்டுமே. அதை 'அ' என்றும் 'இ' என்றும் ஆக்குவது வாயும் நாக்கும். நம் பாஷையில் சொன்னால், தொண்டை ஆஸிலேட்டர், வாய் ஃபில்டர்.

இங்கே நம் துறைக்காரர்களுக்கு ஒரு வேடிக்கை. சாதாரணத் தொலைபேசி வழி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பும் என்று பரீட்சைக்கு எழுதியிருக்கிறோம். அப்படியானால் 120 ஹெர்ட்ஸில் பேசும் அப்பாவின் தொண்டை அதிர்வு லைனில் வரவே இல்லை! அதன் மடங்குகளான 360, 480, 600 ஆகியவைதான் வந்து சேருகின்றன. அவற்றின் இடைவெளியைக் கொண்டு விடுபட்ட அடியை நம் காதும் மூளையும் நிரப்பிக்கொள்கின்றன. அப்பா குரல் அப்பா குரலாகவே கேட்கிறது. இதை ஏன் பாடப் புத்தகத்தில் ஒரு வரி சேர்க்க மாட்டேன் என்கிறார்களோ தெரியவில்லை.

இசைக்கு வருவோம். ச, ரி, க, ம என்று இன்று சொல்லும் ஏழு சுரங்களுக்கு முன்னோர் வைத்த தமிழ்ப் பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். சிலப்பதிகாரத்தில் இவை வருகின்றன. வரிசையில் முதலில் நிற்பது குரல். அந்தச் சுரம் பிறக்கும் இடம் மிடறு என்பது பழைய இசை மரபு. மறுபடியும் தொண்டைதான்!

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தொண்டை இல்லை. சங்கப் பாட்டுகளில் தினைக் கதிருக்கும் குரல் என்றே பெயர். மலைப்புறத்துப் பெண்கள் பரண்மேல் இருந்து கிளியோட்டிக் காப்பது இந்தக் குரலைத்தான். கொத்தாகத் தொங்கும் பூவையும், பெண்களின் கூந்தலையும்கூட இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். இது உருவத்தில் ஒன்றாக அமைந்துவிட்ட வேறொரு சொல் என்றே எனக்குப் படுகிறது. கதிரைக் கழுத்தோடு முடிச்சுப் போட முயல்வது கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிற வேலை.

குறள் முற்றிலும் வேறு. குறுமை, குறுகல், குறள் என்று வருவது அது. ஏழே சீரில் அடங்கும் குட்டைப் பாட்டு. பேச்சில் பலருக்கு ர, ற வேறுபாடு போய்விட்டது. குமரி மாவட்டத்து நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிக் காட்டுவார்கள். நம் காம்பவுண்டுச் சுவரில் 'மாணவர் குறள்' என்று பெரிய எழுத்தில் எழுதிய நண்பர் திருவள்ளுவரை நினைத்து எழுதவில்லை என்பது நிச்சயம்.

ஆங்கிலத்திலும் ஒரு குரல் நம்மைத் துரத்துகிறது. லேப் முடிந்ததும் எக்ஸ்டர்னல் முன்னால் கைகட்டி நிற்கிறோமே, அந்த 'வைவா'! முழுப்பெயர் வைவா வோசி. லத்தீன் மொழியில் 'உயிருள்ள குரலால்' என்று பொருள். தமிழில் வாய்மொழித் தேர்வு என்கிறோம். அவர்கள் குரலைப் பிடித்தார்கள், நாம் வாயைப் பிடித்தோம். பாதிப் பேருக்கு அந்த நேரத்தில் இரண்டுமே வேலை செய்வதில்லை என்பது தனிக்கதை. பிளஸ் டூவில் 'வொகேஷனல் குரூப்' படித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்த நண்பர்களுக்கு ஒரு செய்தி: வொகேஷன் என்பதும் இதே உறவுதான். 'அழைத்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரு வேலைக்கு அழைக்கப்பட்டவர் என்று கருத்து.

அழைப்பது என்றதும் 'குரல் கொடுப்பது' நினைவுக்கு வருகிறது. "வர்றப்ப வாசல்லேர்ந்து ஒரு குரல் குடு" என்றால் கூப்பிடு என்று அர்த்தம். சினிமாவில் ஒருவர் குரல் கொடுத்தார் என்றால் இன்னொருவர் வாயசைப்புக்குப் பேசினார் என்று அர்த்தம். மேடையில் "ஏழைகளுக்காகக் குரல் கொடுத்தவர்" என்றால் அவர்களுக்காக வாதாடினார் என்று அர்த்தம். கடைசி இரண்டுக்கும் இடையே இருக்கும் ஒற்றுமை எனக்குக் கொஞ்சம் சங்கடமானது. இரண்டிலும் பேசுகிறவர் ஒருவர், வாயசைப்பவர் வேறொருவர்.

'குரல் வாக்கெடுப்பு' என்பதையும் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் ஒரு தடவை, எதிர்ப்பவர்கள் ஒரு தடவை குரலெழுப்ப, எது ஓங்கியது என்று சபாநாயகர் காதால் கேட்டு முடிவு சொல்வார். அந்த முடிவை ஏற்காமல் உறுப்பினர்கள் கேட்டால் ஓட்டுகளை எண்ணவேண்டும். இந்த இரண்டாம் பகுதியை நம் மன்றம் எடுத்துக்கொள்ளவே இல்லை.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். மீதமிருந்த நிதியில் லைட் மியூசிக் வைப்பதா, டிராஃப்டர் வாங்க முடியாத முதலாமாண்டு மாணவர்களுக்கு இரவல் கொடுக்கப் பத்து டிராஃப்டர் வாங்கி வைப்பதா என்று கேள்வி. பின்வரிசையிலிருந்து "லைட் மியூசிக்!" என்று எழுந்த சத்தத்தில் மின்விசிறியே ஆடியது. தலைவர் முடிவை எழுதப் போனார். அப்போது இரண்டாமாண்டு சிவில் மாணவி ஒருவர் எழுந்து, "அண்ணா, கை தூக்கச் சொல்லி எண்ணுங்களேன்" என்றார். பாதிப் பேருக்கு அது காதில்கூட விழவில்லை. எண்ணியபோது டிராஃப்டருக்கு 14 கை அதிகம். முன்வரிசைப் பெண்கள், முதலாமாண்டுக்காரர்கள், பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று கதவோரம் நின்றிருந்தவர்கள், எல்லாம் வாயைத் திறக்காதவர்கள். அந்தப் பெண் எழுந்திருக்காவிட்டால் இன்றைக்கு முதலாமாண்டு டிராயிங் ஹாலில் அந்தப் பத்து டிராஃப்டர் இருந்திருக்காது.

பணம் செலவழிக்கும் எந்தத் தீர்மானமானாலும் கை எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று மன்ற விதிகளில் ஒரு வரி சேர்க்கக் கோரி மனு எழுதியிருக்கிறோம். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்பு செயலாளரிடம் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் மதிய இடைவேளையில் மூன்றாமாண்டு எலக்ட்ரானிக்ஸ் வகுப்புக்கு வாருங்கள். மனுவில் 'குரல்' மூன்று இடத்தில் வருகிறது, மூன்றிலும் சின்ன ர-தான் போட்டிருக்கிறோம்.