மலிந்த நிலமும் தனிக் குடிலும்



சென்ற கோடையில் ஒரு நாள், என்னிடம் முன்னர்ப் பயின்ற இளைஞன் ஒருவன் தன் தாயாருடன் என் இல்லத்திற்கு வந்தான். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர் அவர்களுடையது. அவன் தந்தையார் பட்டாசு ஆலையில் நேர்ந்த ஒரு விபத்தில் உயிர் நீத்தவர். அதன்பின் கிடைத்த நிவாரணத் தொகையைத் தாயார் ஒரு காசும் குறையாமல் காத்து வைத்திருந்தார். தம் மக்கள் இருவரும் அந்த ஆலை வாயிலை மிதிக்கலாகாது என்பது அவருடைய உறுதி.

“ஐயா, மூன்று ஏக்கர் கரிசல் நிலம் மலிவாக வருகிறது. ஊருக்கு அப்பால் உள்ள இடம். அங்கே ஒரு குடிசை போட்டுக்கொண்டு, எங்களுக்கு வேண்டியதை நாங்களே விளைத்துக்கொண்டு, யாரிடமும் கூலிக்குப் போகாமல் வாழ்ந்துவிடலாம் என்று நினைக்கிறோம்” என்றான் அவன்.

இந்த எண்ணம் அவனுக்கு மட்டும் உரியதன்று. எட்டயபுரத்துக் கரிசற் சீமையில் பிறந்த பாரதியார் பராசக்தியிடம் வேண்டியதும் ஒரு காணி நிலந்தான். அதில் கேணியும் தென்னையும் இருக்க வேண்டும் என்று அவர் கேட்டதில் வியப்பில்லை. இச்சீமையில் பிறந்தவனுக்கே நீரின் அருமை தெரியும். ஆனால் பராசக்தியிடம் கேட்பதற்கும் தரகரிடம் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆகவே, நாங்கள் மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தக் கணக்கையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் நீர். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஆண்டில் சராசரியாக ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டியே கொட்டித் தீர்க்கிறது. ஐம்பது சதுர மீட்டர் கூரையில் இவ்வளவு மழை பெய்தால் 40,000 லிட்டர் நீர் விழும். சிந்தியதும் ஆவியானதும் போக 30,000 லிட்டரேனும் தேறும். நால்வர் கொண்ட குடும்பத்திற்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 28 லிட்டர் என வைத்துக்கொண்டால், ஆண்டுக்குப் பதினாயிரம் லிட்டருக்குச் சற்று மிகும். ஆக, மூடிய தொட்டி ஒன்று கட்டிக்கொண்டால், கூரை நீரே குடிநீருக்குப் போதும். இது மகிழ்ச்சி தரும் கணக்கு.

பயிருக்கான கணக்கு அவ்வளவு இனிப்பதன்று. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓராண்டில் விழும் மழை 32 இலட்சம் லிட்டர் ஆகும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் சில நாட்களில் விழுந்து ஓடிவிடும் நீர் அது. பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பண்ணைக் குட்டை வெட்டினால் இரண்டு இலட்சம் லிட்டர் பிடிக்கலாம். எனினும், நம் பகுதியில் மழையாய் இறங்குவதைவிட வெயிலில் ஆவியாய் ஏறக்கூடியது மிகுதி. குட்டை நீர் பங்குனி வரை நின்றால் அதுவே பெரும் பேறு. கிணறு வெட்டலாமே என்பீர்கள். வெட்டலாம், ஆனால் எத்தனையோ இடங்களில் ஊறுவது உப்பு நீர். நிலம் வாங்குமுன் அக்கம்பக்கத்துக் கிணற்று நீரை வாயில் ஊற்றிப் பார்க்காதவன், வாங்கிய பின் கண்ணீரைச் சுவைக்க நேரும்.

அடுத்து உணவு. நால்வருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 600 கிலோ தானியம் வேண்டும். மானாவாரியாக விதைத்த கம்போ சோளமோ, மழை நன்றாக அமைந்த ஆண்டில், ஏக்கருக்கு 400 கிலோ தந்தால் நல்ல விளைவு என்று கொள்ளலாம். ஆகவே, தானியத்திற்கு மட்டும் ஒன்றரை ஏக்கர் போய்விடும். பருப்புக்கும் எண்ணெய் வித்துக்கும் ஒரு ஏக்கர். எஞ்சிய அரை ஏக்கரில் குடில், குட்டை, களம், இரண்டு ஆடுகள், காய்கறிப் பாத்தி. இத்தனையும் மழை பொய்க்காத ஆண்டுக்குரிய கணக்கு. மழை பொய்த்த ஆண்டில் கரிசற்காட்டு மக்கள் எங்கே போனார்கள் என்பதைச் சிவகாசியின் வரலாறே சொல்லும்.

1922-ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். பயிருக்குப் பகையான வறண்ட காற்று, தீக்குச்சியை உலர்த்துவதற்கு நட்பாயிற்று. விளைச்சலற்ற வயலை நம்பி வாழ முடியாத குடும்பங்கள் தொழிற்கூடங்களை நாடின. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வளர்ந்தன. ஆகவே, “ஆலையை விட்டு நிலத்திற்குப் போகிறோம்” என்று அந்தத் தாயார் சொன்னபோது, அவருடைய முன்னோர் நிலத்தை விட்டு ஆலைக்கு வந்த வழியையே அவர் திரும்பி நடக்க நினைக்கிறார் என்பதை நான் எடுத்துச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அந்த வழியில் முள் இருந்தது வாத்தியாரய்யா, இந்த வழியில் நெருப்பு இருக்கிறது” என்றார். அதற்கு மறுமொழி கூற என்னால் இயலவில்லை.

இனி, குடிலையும் விளக்கையும் பார்ப்போம். கரிசல் மண் நனைந்தால் பருக்கும்; காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மேலாக அடித்தளம் போட்டுக் கட்டிய சுவர் இரண்டு கோடைக்குள் பிளந்துவிடும். அடித்தளத்தில் உள்ள கரிசலைத் தோண்டி அகற்றி, மணலும் சரளையும் இட்டு நிரப்பிய பின்னரே சுவர் எழுப்ப வேண்டும். மின்சாரத்திற்கு வழி இக்காலத்தில் எளிது. நூறு வாட் சூரியத் தகடு ஒன்று, இழப்புகள் போக, நாளொன்றுக்கு முந்நூறு வாட்-மணி அளவு மின்சாரம் தரும். ஒன்பது வாட் விளக்குகள் மூன்று நான்கு மணி நேரம் எரியவும், சிக்கனமான மின்விசிறி ஒன்று ஆறு மணி நேரம் சுழலவும் அது போதும். மின்கலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடலாகாது. வெயில் நமக்குக் குறைவில்லாத செல்வம். அடுத்த மாவட்டத்தில் கமுதியருகே ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் ஆற்றலுள்ள சூரிய மின் நிலையம் 2016-இல் எழுந்ததே இதற்குச் சான்று.

இவ்வளவும் செய்த பின்னும் வாங்க வேண்டியவை எஞ்சும். உப்பு, துணி, மருந்து, இரும்பு, பள்ளிக்கூடச் செலவு, பேருந்துக் கட்டணம் ஆகியவை நிலத்தில் விளைவதில்லை. அடுப்பு மூட்டும் தீப்பெட்டியும் சிவகாசியிலிருந்துதான் வர வேண்டும்!

தனிக் குடில் வாழ்வுக்கு உலகம் எடுத்துக்காட்டாகக் கூறும் பெயர் அமெரிக்க அறிஞர் தோரோ. அவர் 1845-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் வால்டன் குளக்கரையில் தம் கையாலேயே கட்டிய குடிலிற் குடிபுகுந்தார். அதற்கு அவர் செலவிட்டது 28 டாலரும் பன்னிரண்டரை சென்ட்டும். இது பலருக்கும் தெரியும். அந்த நிலம் அவருடைய நண்பர் எமர்சனுக்கு உரியது என்பதும், தோரோ அடிக்கடி ஊருக்கு நடந்து சென்று வந்தார் என்பதும், இரண்டு ஆண்டு இரண்டு மாதங்களுக்குப் பின் அவர் குடிலை விட்டு வெளியேறினார் என்பதும் பலருக்கு நினைவில் நிற்பதில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றோருள் தமிழர் மிகப் பலர். அவர்களுடைய குடும்பங்கள் வாழ வழி வேண்டியிருந்தது. 1910-ஆம் ஆண்டு மே மாதம், காந்தியடிகளின் நண்பர் காலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு 21 மைல் தொலைவில் இருந்த தமது 1,100 ஏக்கர் பண்ணையை வாடகையின்றி அளித்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. அங்கே ஏறக்குறைய ஆயிரம் பழமரங்கள் இருந்தன. இரண்டு கிணறுகளும் ஒரு சிறிய ஊற்றும் இருந்தன. தமிழரும் குஜராத்தியரும் பிறரும் பணியாளரின்றித் தாமே சமைத்தனர், துப்புரவு செய்தனர், செருப்புத் தைத்தனர், தச்சு வேலை பழகினர். ஊற்று நீரைக் காவடி கட்டிச் சுமந்தனர். எளிய வாழ்வுக்கு அவர்கள் பயின்ற பயிற்சி சிறை வாழ்வையும் எளிதாக்கியது. ஆனால் ஒன்றைக் கருதுங்கள்: நிலம் நண்பர் தந்தது, உழைப்பு பலருடையது, நோக்கம் பொதுவானது. தனி ஒரு குடும்பம் அங்கே வாழவில்லை. ஒரு சமுதாயம் வாழ்ந்தது.

நம் பக்கத்திலும் இதே பாடந்தான். இராமநாதபுரம் மாவட்டத்து வல்லந்தையில், சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த தரிசைப் பஞ்சாபிலிருந்து வந்த உழவர் சிலர் 2007 வாக்கில் வாங்கினர். முள்ளை வேரோடு அகற்றி, மாவும் கொய்யாவும் நெல்லியும் வளர்த்தனர். அகால் பண்ணை என்று அதற்குப் பெயர். அவர்கள் முதலோடு வந்தார்கள். அதைவிட முக்கியமாக, கூட்டாக வந்தார்கள்.

இறுதியாக, நான் அவ்விளைஞனிடம் ஒரு கேள்வி கேட்டேன்: “தம்பி, அந்த நிலம் ஏன் மலிவு?” அவனிடம் விடை இல்லை. நிலம் காரணமின்றி மலிவதில்லை. உப்பு நீர் ஒரு காரணம். வண்டிப்பாதை இன்மை மற்றொரு காரணம். பட்டாசு ஆலைக்கோ வெடிமருந்துக் கிடங்குக்கோ அண்மையில் இருத்தல் இப்பகுதிக்கே உரிய மூன்றாவது காரணம். ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையே இவ்வளவு தொலைவு வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் வகுத்திருப்பது வீணுக்கன்று. இவை யாவும் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத காரணம் பதிவேட்டில் இருக்கும்.

மறுநாள் நாங்கள் வட்டாட்சியர் அலுவலகம் சென்றோம். பட்டா, வில்லங்கச் சான்றிதழ், புலப்படம், ‘அ’ பதிவேடு ஆகிய நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். அந்த மூன்று ஏக்கரும் பஞ்சமி நிலம் என்று தெரிந்தது.

பஞ்சமி நிலம் என்பது யாது? 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் அவல நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் விளைவாக 1892-இல் அவர்களுக்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. முதற் பத்தாண்டுகள் அந்நிலத்தை எவருக்கும் விற்கலாகாது. அதன் பின்னரும் அம்மக்களுக்குள்ளேயே அன்றிப் பிறர்க்கு மாற்றலாகாது என்பது நிபந்தனை. நிபந்தனை ஏட்டில் நிற்க, நிலம் பல இடங்களில் கை மாறிப் போயிற்று. விற்க முன்வந்தவருக்கே அதன்மேல் உரிமை இல்லை. அதனால்தான் விலை மலிந்திருந்தது. யாரோ ஓர் ஏழைக்கு நாடு கொடுத்த வாழ்வைத்தான், இன்னோர் ஏழையிடம் தரகர் விலை பேசியிருக்கிறார்.

தாயார் முன்பணம் கொடுத்திருந்தார். அதில் ஒரு பகுதி திரும்பி வந்தது. மறு பகுதி இன்னும் வரவில்லை. “போனது போகட்டும். அடுத்தவர் வயிற்றில் அடித்து நாங்கள் சோறு தின்ன வேண்டாம்” என்றார் அவர். இப்போது கண்மாய்ப் பாசனம் உள்ள தம் பிறந்த ஊரில் ஒரு ஏக்கர் தேடிக்கொண்டிருக்கிறார். ஆள் கூப்பிட்டால் ஆள் கேட்கும் தூரத்தில் இருந்தால் போதும் என்கிறார். மகன் படிப்பைத் தொடர்கிறான். விடுமுறை நாட்களில் அவ்வூரார் கண்மாய்க் கால்வாயில் மண்டிய முள்ளை வெட்டும்போது அவனும் அரிவாளுடன் போய் நிற்கிறான்.

மாணவர்களே, தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொள்ளும் வாழ்வு உயர்ந்த வாழ்வுதான். அதனை நான் இகழவில்லை. நீங்களும் ஒரு நாள் நிலம் வாங்கக்கூடும். அப்போது அதன் விலையை மட்டும் கேளாதீர்கள். நீர் எங்கிருந்து வருகிறது, அயலார் யார், முன்பு அது யாருக்கு உரியதாயிருந்தது என்னும் மூன்றையும் கேளுங்கள். இம்மூன்றுக்கும் நேரான விடை கிடைத்த நிலம், ஒரு ஏக்கரே ஆயினும், உங்களைக் காக்கும்.