சிபாப் கருவி பரணுக்குப் போவது ஏன்?

தூக்கத்தில் தொண்டை தளர்ந்து மூச்சு அடைபடுவதுதான் ஸ்லீப் ஆப்னியா. அதற்கு நல்ல சிகிச்சை இல்லாமல் இல்லை. மாஸ்க் வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்தே வைக்கும் சிபாப் கருவியை, சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் 1981-இல் 5 நோயாளிகளிடம் சோதித்துக் காட்டினார்கள். பலருக்கு மாட்டிய அன்றிரவே குறட்டை அடங்கிவிடுகிறது. ஆனாலும் வாங்கியவர்களில் கணிசமானோர் சில மாதங்களில் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

கேட்டால், "தினமும் போடுறேன் டாக்டர்" என்பார்கள். அமெரிக்காவில் 1993-இல் வெளியான ஓர் ஆய்வு, கருவி ஓடிய நேரத்தையே பதிவு செய்து பார்த்தது. 35 பேரில் 60 சதவீதத்தினர் தினமும் போடுவதாகச் சொன்னார்கள். பத்தில் ஏழு நாளாவது 4 மணி நேரம் போட்டவர்கள் 16 பேர்தான்.

நோய் கடுமையானால் ஒழுங்காகப் போடுவார்கள் என்று நினைப்போம். அப்படியும் இல்லை. மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைபடுபவரும் கைவிடுவதுண்டு. அதைவிடக் குறைவாக உள்ளவரும் தொடர்வதுண்டு. காலையில் என்ன வித்தியாசம் தெரிகிறது என்பதே பெரிய விஷயம். பகலில் தூங்கி வழிந்தவருக்கு அது சட்டென்று தெரியும். குறட்டை பொறுக்காமல் மனைவி இழுத்து வந்தவருக்கு என்ன தெரியப் போகிறது?

பழக்கம் படிவதும் படியாததும் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. காற்று கசிந்து கண்ணில் அடிக்கும், வாய் வறளும், சிலருக்கு முகத்தை மூடியதுமே மூச்சு முட்டுவதுபோல் பதற்றம் வரும். இவற்றில் பலவற்றுக்கு வழி உண்டு: வேறு அளவு மாஸ்க், காற்றை ஈரப்படுத்தும் ஹியுமிடிஃபையர், பகலில் டிவி பார்க்கும்போது மாட்டிப் பழகுவது. மூக்கடைப்பு உள்ளவருக்கு அதைச் சரிசெய்யாமல் மூக்கு மாஸ்க்கைக் கொடுத்து அனுப்புவதில் என்ன நியாயமோ! கருவியை விற்றதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் மீதுதான் எனக்குக் குறை; நோயாளி மீது அல்ல.

பாதி இரவில் கழற்றினால் முழுப் பலன் கிடைக்காது. கனவுத் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம். பலருக்கு மூச்சுத்தடை மோசமாவதும் அப்போதுதான். 2,717 பேரை வைத்து நடந்து 2016-இல் வெளியான சேவ் ஆய்வில், சிபாப் மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைத்ததாகத் தெரியவில்லை. பகல் தூக்கம் குறைந்தது. அவர்கள் போட்டதோ இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான்.

கருவி ஒத்துவரவில்லையா? பரணில் ஏற்றும் முன் அதையும் மாஸ்க்கையும் மருத்துவரிடம் எடுத்துச் சென்று, பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். மிதமான பாதிப்பு என்றால் கீழ்த்தாடையை முன்தள்ளி வைக்கும் பல் சாதனம் உங்களுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள்.