ஸ்டார்ட்டர் மோட்டார்: மாற்றுமுன் பாருங்கள்

சென்னை யானைக்கவுனிக்கு வடமேற்கே, செம்பியத்தில் 1960-களில் டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசன் டிராக்டர் தயாரிக்கத் தொடங்கியது. அந்த வகைப் பழைய வண்டிகள் இன்றும் வயலில் உழைக்கின்றன. இவற்றில் இஞ்சின் மெதுவாகச் சுழன்றால், உடனே ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றிவிடுகிறார்கள். இது பெரும்பாலும் வீண் செலவு.

முதலில் 12 வோல்ட் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். முனைகளில் பூத்த உப்பைச் சுரண்டி, எர்த் கம்பியை இறுக்குங்கள். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் இஞ்சினுக்கும் இடையே மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், கோளாறு கம்பியிலேதான்.

இவை சரியாயிருந்தால், எர்த் கம்பியை எடுத்துவிட்டு மோட்டாரைக் கழற்றலாம். தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றுங்கள். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் உள்ளே உரசி மோட்டார் சூடேறும். உரசல் அதிகமில்லையேல் புது புஷ் போதும். சுருள் கருகியிருந்தால் வேறு மோட்டார் வாங்குவதே மேல். பழையதைக் கையோடு எடுத்துச் சென்று, பினியன் பற்களையும் சுழலும் திசையையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பிளைவீல் பற்கள் மழுங்கியிருந்தால் புது பினியனையும் அவை தின்றுவிடும்.

தரையில் நின்றபடி ஸ்பேனரால் ஸ்டார்ட்டர் முனைகளை இணைத்து வண்டியைக் கிளப்பாதீர்கள். கியரில் இருந்தால் பின்சக்கரம் நிற்பவர் மேலேயே ஏறும். இப்படி உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு.