டியூப்லைட்டில் ஓகே ஆன ஷேட்

அதிகாலை ஐந்தரைக்கு முகூர்த்தம். மண்டபத்து அறையில் நாலு மணிக்கே எழுந்து குளித்து, ஐம்பதை நெருங்கும் வயதில் முதன்முறையாகக் கண்ணிமைக்கு ஐ ஷேடோ போட்டுக்கொண்டேன். மெரூன் பட்டுப் புடவை. அதற்குத் தோதாக மெரூன் ஐ ஷேடோ. முந்தானையை இழுத்துக் கண்ணோரம் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறம். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

தாலி கட்டி முடிந்து, வெயில் ஏறிய பிறகு மண்டபத்து வாசலில் நின்றிருந்தபோது தங்கை மகள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

“பெரிம்மா, டியூப்லைட்டுலயா ஷேட் ஓகே பண்ணுனீங்க?”

போனை எடுத்துப் பார்த்தேன். புடவை மெரூனாகத்தான் இருந்தது. இமை மட்டும் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது.

அவள் கேட்டது கிண்டல்தான் என்றாலும் அது அவளுடைய தொழில் கேள்வியும்கூட. எங்கள் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டு பையர் ஒரு சின்னத் துணித்துண்டை அனுப்பி ‘இந்த நிறம் வேண்டும்’ என்பார். அதைப் பார்த்து, சாயங்களை அளந்து கலந்து, கொஞ்சம் துணியில் ஏற்றி ‘லேப் டிப்’ போட்டு அனுப்ப வேண்டும். அது ஓகே ஆன பிறகுதான் டன் கணக்கில் துணி ஏறும். ஓகே சொல்வதற்கு முன் இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க, உட்புறம் சாம்பல் நிறம் பூசிய ஒரு பெட்டி இருக்கிறது. லைட் பாக்ஸ் என்பார்கள். ஒரு பட்டனைத் தட்டினால் டி65 எரியும். 6500 கெல்வின், பகல் வெளிச்சத்துக்கு ஈடாக உலகம் ஒத்துக்கொண்ட அளவு. இன்னொன்று டிஎல்84, ஐரோப்பியக் கடைகளின் டியூப்லைட். மற்றொன்று மஞ்சள் குண்டு பல்பு. எல்லா விளக்கிலும் இரண்டு துண்டும் ஒத்துப்போனால்தான் அவள் தலையாட்டுவாள். நான் ஒரே விளக்கில் பார்த்துத் தலையாட்டிவிட்டேன்.

ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்கள் இன்னொரு விளக்கில் வேறு வேறாகத் தெரிவதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். காரணம் நம் கண்ணில்தான் இருக்கிறது. விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் மூன்றே வகை. ஒரு பொருளிலிருந்து வரும் ஒளியில் நூற்றுக்கணக்கான அலைநீளங்கள் கலந்திருந்தாலும், மூளைக்குப் போய்ச் சேருவது அந்த மூன்று வகைச் செல்களின் கணக்கு மட்டுமே. இரண்டு பொருள்கள் ஒளியை முற்றிலும் வெவ்வேறு விதமாகத் திருப்பி அனுப்பினாலும், மூன்று கணக்கும் ஒன்றாக வந்துவிட்டால் மூளை ‘ஒரே நிறம்’ என்று சொல்லிவிடும். விளக்கை மாற்றினால் கணக்கு மாறும், குட்டு வெளிப்படும். டியூப்லைட் இதில் பெரிய ஏமாற்றுக்காரன். சூரிய ஒளி எல்லா அலைநீளங்களிலும் தொடர்ச்சியாகப் பரவியிருக்கும். டியூப்லைட் சில இடங்களில் மட்டும் கம்பம் நட்டதுபோல் உயர்ந்து நிற்கும், நடுவில் பள்ளம். விலை குறைந்த எல்.இ.டி. பல்புகளில் அடர் சிவப்பு பற்றாக்குறை. அங்கே மெரூன் களையிழந்து நிற்கும்.

என் புடவையின் சிவப்பு, பட்டு இழையோடு ஒட்டிய சாயத்தின் சிவப்பு. ஐ ஷேடோவின் சிவப்பு பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் அடிக்கிற காவி இருக்கிறதே, அதன் சுத்திகரித்த உறவு. இந்த இரண்டும் எல்லா விளக்கிலும் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்த்தது என் தப்பு. ஒரே பருத்தியில் ஒரே வகைச் சாயத்தை வைத்துக்கொண்டே லேபில் படாதபாடு படுகிறார்கள். ஆகவே புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு என் முதல் யோசனை: புடவைக்கு மேட்சாக ஐ ஷேடோ தேடாதீர்கள். தேடித்தான் ஆவேன் என்றால், பகலில் வடக்குப் பார்த்த ஜன்னலோரம் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். காசில்லாத டி65 அது.

தங்கை மகள் அதற்குப் பிறகு நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பாடம் எடுத்தாள். அவளுக்கும் யாரும் சொல்லித்தந்ததில்லை. பட்டறை அறிவை முகத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். “பெரிம்மா, இது டையிங் இல்ல, பிரிண்டிங்னு வெச்சுக்கங்க” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் பாதி வேதியியல் அடங்கிவிட்டது. பருத்தி பனியனுக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயம் தண்ணீரில் கரையும், இழைக்குள் புகும், செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்ளும். 1956-ல் இங்கிலாந்தில் சந்தைக்கு வந்த அந்தத் தொழில்நுட்பம் இல்லாவிட்டால் இன்றைய திருப்பூர் இந்த வேகத்தில் வளர்ந்திருக்காது. ஐ ஷேடோவில் இருப்பது நிறமி. கரையாது, தோலுக்குள் போகாது, போகவும் கூடாது. டி-ஷர்ட்டின் நெஞ்சில் அடிக்கிற பிக்மென்ட் பிரிண்ட் மாதிரி, பைண்டர் பிடித்து வைத்திருக்கும்வரைதான் அது நிற்கும். ஐ ஷேடோ கட்டியில் டால்க், மைக்கா, நிறமிகளோடு கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெயும், துத்தநாக ஸ்டியரேட் அல்லது மக்னீசியம் ஸ்டியரேட்டும் பைண்டர் வேலை பார்க்கின்றன.

ஆனால் பூசுகிற இடம் சாதாரணமானதல்ல. உடம்பிலேயே மெல்லிய தோல் கண்ணிமைத் தோல். சுமார் அரை மில்லிமீட்டர்தான். நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது முறை இமைக்கிறோம். மணிக்கு ஆயிரம் தடவை மடிந்து விரிகிறது. இமையைத் தூக்கும் தசையின் நார்கள் தோலோடு பிணைந்த இடத்தில்தான் அந்த மடிப்பு விழுகிறது. மடியும் இடத்தில் எண்ணெய்ப் பசையும் இருந்தால் பொடி அங்கேயே திரண்டு கோடாக நிற்கும். கடையில் நாலு வகை டப்பா வாங்கி மாற்றிப் பார்க்கிறார்கள், கோடு போவதில்லை. எண்ணெயை ஒற்றி எடுத்து, பொடிக்கு அடியில் பூசும் பிரைமரை மெல்லிசாகத் தடவி, பொடியை இரண்டு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இழுபடும் பின்னல் துணியில் ரப்பர் பிரிண்டைத் தடிமனாக அடித்தால் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விரிசல் விடும்.

அடுத்தது, நம் தோல் வெளுத்த துணியல்ல. லேசான ஷேட் ஏற்றுவதற்கு முன் துணியை ப்ளீச்சிங் செய்கிறார்கள்; கறுப்பு பனியனில் வெளிர் பிரிண்ட் வேண்டுமென்றால் முதலில் வெள்ளை அடித்து, அதன்மேல் நிறம் போடுகிறார்கள். டப்பாவில் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ சிரிக்கும் வெளிர் ஷேடுகளில் டைட்டானியம் டை ஆக்சைடு நிறைய இருக்கும். அந்த வெள்ளைத் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். மெல்லிய படலமாக மாநிறத் தோல்மேல் பூசினால், சிதறுகிற ஒளியில் நீலப்பக்கம் கூடித் தெரியும். சிவப்புப்பக்கம் உள்ளே போய் மெலனினில் மாட்டிக்கொள்ளும். விளைவு, சாம்பல் பூத்த முகம். விளம்பரத்தில் பார்த்த நிறம் நம் இமையில் வராததற்கு நம் தோலைக் குறை சொல்லும் பழக்கம் எனக்குக் கோபமூட்டுவது. பொடியைச் செய்தவர் வேறு தோலை மனதில் வைத்துச் செய்திருக்கிறார், அவ்வளவே. இரும்பு ஆக்சைடு சேர்ந்த பழுப்பு, செம்பு, காவி, பிளம் ஷேடுகள் நமக்குச் சுலபமாக ஏறும். ஆரம்பத்தில் மினுக்கம் இல்லாத ஒரு பழுப்பு போதும் என்பேன்.

இந்த இடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரைச் சொல்லாமல் போக முடியாது. மிஷெல் யூஜென் ஷெவ்ரல், 1786-ல் பிறந்து 1889-ல், நூறு வயதைத் தாண்டி இறந்தவர். இளமையில் கொழுப்புகளை ஆராய்ந்து ஸ்டியரிக் அமிலத்தைப் பிரித்துக் காட்டினார். மேலே சொன்ன பைண்டர் ஸ்டியரேட்டுகளின் மூலம் அதுதான். 1824-ல் பாரிஸின் கோபலான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். போன இடத்தில் நம் ஊர்ப் புகார்தான் காத்திருந்தது: ‘கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை, வெளிறித் தெரிகிறது.’ வேறு ஆலைகளின் கறுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. நீல, ஊதா நூல்களுக்குப் பக்கத்தில் நெய்யும்போதுதான் அந்தக் கறுப்பு மங்கியது. பக்கத்து நிறம் பார்வையைத் திருத்திவிடுகிறது என்று கண்டுகொண்டு, 1839-ல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். பின்னாளில் பல ஓவியர்கள் அதைப் படித்தார்கள். சாயப்பட்டறைத் தகராறு ஒன்று ஓவியத்தின் போக்கைத் தொட்டது என்று சொன்னால் நம் ஊர் மாஸ்டர்கள் நம்ப மாட்டார்கள்.

இமையில் நடப்பதும் இதுவேதான். இமையோரம் அடர்த்தியாக இருந்தால் விழியின் வெண்மை இன்னும் வெண்மையாகத் தெரியும். நீல ஷேடோவுக்குப் பக்கத்தில் தோல் சற்று மஞ்சளாகத் தோன்றும். கண்ணுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு சராசரியாகப் பெண்களின் முகத்தில் கூடுதல் என்றும், கண் ஒப்பனை அதையே மிகைப்படுத்துகிறது என்றும் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ரஸல் 2009-ல் அளந்து எழுதினார்.

எங்கே அடர்த்தி, எங்கே வெளிச்சம் என்பதற்கு விடை சொன்னவர் நம்மவர். விளையனூர் ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுக் கலிபோர்னியா போன மூளை ஆய்வாளர். 1988-ல் நேச்சர் இதழில் அவர் எழுதிய ஆய்வின் சாரம் எளிது. ஒரு வட்டத்தின் மேல்பாதியை வெளிர்த்தும் கீழ்ப்பாதியைக் கறுத்தும் வரைந்தால் அது மேடாகத் தெரியும். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் அதே வட்டம் குழியாகிவிடும். ஒளி மேலிருந்து, ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று மூளை கேட்காமலேயே எடுத்துக்கொள்கிறது. சூரியனுக்குக் கீழே வளர்ந்த மூளை வேறெப்படி நினைக்கும்? இமை மடிப்பில் அடர் நிறம் வைத்தால் அந்த இடம் உள்வாங்கும். இமை நடுவிலும் புருவத்தெலும்பின் கீழும் வெளிர் நிறம் வைத்தால் அவை முன்னுக்கு வரும். பிரஷால் ஓரத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கச் சொல்வதும் இதற்காகத்தான். விளிம்பு தெரிந்தால் மூளை அதைப் பெயின்ட் என்று படிக்கும். விளிம்பு கரைந்தால் நிழல் என்று படிக்கும். கலைப்பதுதான் கற்றுக்கொள்ள நாளாவது. எனக்கு மூன்று வாரம் பிடித்தது, இடது கண் இன்னும் பிடிகொடுக்கவில்லை.

மினுக்கம் தனிக் கதை. முத்துப்போல மின்னும் ஷேடோவில் இருப்பது மைக்கா, நாம் காக்காப்பொன் என்று பொறுக்கி விளையாடியதேதான். அதன் மெல்லிய ஏடுகள்மேல் டைட்டானியம் டை ஆக்சைடைப் படிய வைக்கிறார்கள். படலம் 50 நானோமீட்டர் அளவில் இருந்தால் வெள்ளி, 70 அளவில் தங்கம், இன்னும் தடித்தால் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறிக்கொண்டே போகும். சாயமே இல்லாமல் தடிமனை வைத்தே நிறம். மழைத்தண்ணீரில் எண்ணெய்ப் படலம் காட்டுகிற வித்தை. இந்த மைக்கா கணிசமாக வருவது ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பக்கங்களிலிருந்து. அங்கே அனுமதியற்ற சுரங்கங்களில் குழந்தைகள் பொறுக்குவது வெளிச்சத்துக்கு வந்தபின், 2017-ல் நிறுவனங்கள் கூடி ‘ரெஸ்பான்சிபிள் மைக்கா இனிஷியேட்டிவ்’ என்ற அமைப்பைத் தொடங்கின. நம் ஊர் பனியன் கம்பெனிக்குள் பையரின் ஆடிட் வந்து குழந்தைத் தொழிலாளர் உண்டா என்று துருவுகிறது. அதே கேள்வியை ஐ ஷேடோ டப்பாவிடம் கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

கண்ணருகே எதைப் பூசுகிறோம் என்பதில் மனிதர்கள் எப்போதுமே துணிச்சல்காரர்கள். வேஷம் கட்டுவதை ‘அரிதாரம் பூசுவது’ என்கிறோம். அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் தாது. பண்டைய எகிப்தியர்கள் ஈயத் தாதுவை அரைத்துக் கண்ணுக்கு இட்டார்கள். அந்த மையிலிருந்த ஈய உப்புகள் சிறு அளவில் தோல் செல்களின் நோயெதிர்ப்பைத் தூண்டியிருக்கக்கூடும் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2010-ல் எழுதினார்கள். அதை வைத்து ஈயத்துக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. குழந்தைகளின் மூளைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது. இந்தியச் சட்டம் ஈயமும் ஆர்சனிக்கும் கலந்த நிறமிகளை அழகுசாதனத்தில் தடைசெய்கிறது. ஆகவே உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இல்லாத டப்பாவைச் சந்தையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நம் ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கை. பிரிண்டிங் பட்டறையில் டி-ஷர்ட்டுக்குப் போடும் கிளிட்டரைக் கொஞ்சம் பொட்டலம் கட்டிவந்து கண்ணுக்குப் போடுகிற ஆசை வேண்டாம். அது பாலியெஸ்டர் படலத்தை வெட்டிய துண்டு. அதன் கூர்முனை கருவிழியைக் கீறிவிடும். விடுதியில் ஒரே பிரஷை நாலு பேர் மாற்றி மாற்றிப் போடுவதும் வேண்டாம்; மெட்ராஸ் ஐ அப்படியே அறை முழுக்கச் சுற்றும். கண் சிவந்திருந்தால் அன்றைக்கு ஐ ஷேடோவே வேண்டாம். பிரஷை வாரம் ஒருமுறை சோப்பில் அலசி, தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவையுங்கள்.