கோர்ட்டில் தவணை கேட்கலாம், காலத்தோடு கேட்கணும்

கடன் வழக்கில் சம்மன் வந்தால் பல வீடுகளில் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடுகிறார்கள். ‘வாங்கினது உண்மைதானே, அங்க போய் என்னத்தைச் சொல்றது’ என்று ஒரு நினைப்பு. கடனை மறுக்கிறவர்தான் கோர்ட்டுக்குப் போகணும் என்று இல்லை. கடனை ஒத்துக்கொண்டு, கட்ட அவகாசம் கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. டெல்டாவில் என் பக்கத்து வயல்கார அண்ணன் மேல் ஒரு புரோநோட்டு வழக்கு வந்தது. அவரோடு முன்சீப் கோர்ட்டுக்கு அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இயற்கை வேளாண்மைக்கு மாறுகிறவர்களுக்கு இது ரொம்பவே தேவைப்படும். மண் தேறி வரும் முதல் இரண்டு மூன்று வருசம் விளைச்சல் குறையலாம். மண்ணுக்காக நாம காத்திருப்போம், வட்டி காத்திருக்காது.

முதலில் சட்டம். 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 20, விதி 11 என்று ஒன்று இருக்கிறது. பணம் கட்டச் சொல்லித் தீர்ப்பு சொல்லும்போதே, போதுமான காரணம் இருந்தால், நீதிபதி தவணை போட்டுக் கொடுக்கலாம், கெடுவைத் தள்ளியும் வைக்கலாம். தீர்ப்பு வந்த பிறகு தவணை கேட்டால், கடன் கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும். அந்த மனுவையும் டிகிரி தேதியிலிருந்து 30 நாளுக்குள் போடணும். ஆக, தீர்ப்புக்கு முன்னால் நீதிபதியின் மனசைத் தொட்டால் போதும். தீர்ப்புக்குப் பின்னால் கடன் கொடுத்தவர் மனசும் இரங்கணும். சாமி படத்துக்குப் பின்னால் சம்மனை வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

சம்மன் கைக்கு வந்த 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்யணும். கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை நீளும். போகாமலே இருந்தால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிடும். அதை ரத்து செய்யவும் தக்க காரணத்தோடு 30 நாளுக்குள் மனு போட்டாக வேண்டும்.

அண்ணன் போர்வெல்லுக்கு வாங்கிய கடன் வட்டியோடு 1,65,000 ரூபாய் ஆகியிருந்தது. கிடேரிக் கன்று ஒன்றை விற்று 15,000 ரூபாயைக் கட்டிவிட்டுத்தான் தவணை கேட்டார். மாசம் இவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. நமக்கு ஏது மாசச் சம்பளம்? சம்பா அறுத்து விற்றதும் மாசி முடிவில் 50,000, உளுந்து எடுத்ததும் சித்திரையில் 25,000, இப்படி இரண்டு வருசம் என்று மனுவில் எழுதச் சொன்னார். சிட்டா, அடங்கல், போன வருசம் நெல்லும் உளுந்தும் விற்ற ரசீது, பால் சொசைட்டிப் புத்தகம் எல்லாத்தையும் இணைத்தார். ‘கஷ்டப்படுகிறேன்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எடுபடாது. எந்த மாசம், எதை விற்று, எவ்வளவு கட்டுவேன் என்று கணக்குக் காட்டணும்.

எதிர்த்தரப்பு வக்கீல், “நிலம் இருக்கே, வித்துக் கட்டட்டும்” என்றார். “நிலத்தை வித்துட்டா அப்புறம் நான் எதை வச்சுப் பொழைக்கிறதுங்க ஐயா?” என்று அண்ணன் நீதிபதியிடம் கேட்டார். தவணை கிடைத்தது, 6 சதவீத வட்டியோடு. ஒரு தவணை தவறினாலும் மிச்சம் முழுவதையும் ஒரே தடவையில் வசூலிக்கலாம் என்ற நிபந்தனையும் சேர்ந்து வந்தது. அதனால் கட்ட முடிகிற தொகையைத்தான் கேட்கணும். மழை பொய்த்தாலும் கட்ட முடியுமா என்று யோசித்துக் கேளுங்கள்.

எல்லாக் கடனுக்கும் இதே விதி இல்லை. நிலத்தை அடமானம் வைத்த கடனுக்குக் கட்டளை 34. முதல்நிலைத் தீர்ப்பில் ஆறு மாசத்துக்கு மிகாமல் கெடு கொடுப்பார்கள். இறுதித் தீர்ப்பு வருவதற்கு முன்னால் நல்ல காரணம் காட்டி அதை நீட்டிக் கேட்கலாம். கூட்டுறவுச் சங்கக் கடன் பிரச்சினை கூட்டுறவுத் துறைப் பதிவாளர் வழியாகப் போகும். வங்கிகள் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுக்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்பாசி சட்டம், விவசாய நிலத்தின் மேலான பிணையத்துக்குப் பொருந்தாது. அப்படி நோட்டீஸ் வந்தால், நிலம் விவசாய நிலம் என்று ஆதாரத்தோடு உடனே பதில் கொடுங்கள்.

தவணை கிடைக்காமல் ஜப்தி வரை போனாலும் கைவிட்டுவிட வேண்டாம். அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவில், விவசாயியின் உழவுக் கருவி, பிழைப்புக்குத் தேவை என்று கோர்ட் கருதும் மாடு, விதை தானியம், அவர் குடியிருக்கும் வீடு இவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்று இருக்கிறது. (அந்த வீட்டையே அடமானம் வைத்திருந்தால் கதை வேறு.) பத்து வருசம் காப்பாற்றி வைத்த மாப்பிள்ளைச் சம்பா விதைநெல்லை அமீனா தொட வந்தால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். நிலம் ஏலத்துக்கு வந்தாலும், அடமான வழக்காக இல்லாவிட்டால், ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட்டோ தனியாக விற்றோ பணம் புரட்ட முடியும் என்று காட்டி ஏலத்தைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். கட்ட வசதியே இல்லாதவரைக் கடனுக்காக மட்டும் சிறையில் வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லியிருக்கிறது.

வக்கீல் வைக்கக் காசில்லையே என்பவர்கள் தாலுகா கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும், பட்டியல் இன, பழங்குடி மக்களுக்கும், குறிப்பிட்ட வருமான வரம்புக்குக் கீழ் இருப்பவர்களுக்கும் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கவும் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே கையெழுத்துப் போட்ட பிறகு அப்பீல் கிடையாது. படித்துப் பார்த்து, வீட்டில் கலந்து பேசிவிட்டுப் போடுங்கள்.

விவசாயியின் கடனில் அரசு தலையிடுவது புதிதும் அல்ல. 1938-இல் ராஜாஜி ஆட்சியில் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்து, பழைய வட்டி பாக்கிகள் கழிக்கப்பட்டன. அப்படி ஒரு சட்டம் மறுபடி வரணும் என்று கேட்பது இயக்கத்தின் வேலை. அது வரும்வரை நிலத்தைக் காப்பாற்றுவது நம்ம ஒவ்வொருத்தர் வேலை. சம்மன் வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். அதிலிருந்து 30 நாளை எண்ணத் தொடங்குங்கள்.